மீனுக்கு வந்த அம்மை

தீபலட்சுமிக்குப் பொறாமை அதிகம் என்று அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. திருச்சுழியில் உரக்கடை வைத்திருந்த அப்பா தம்பிக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது, அதன் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டவள் அவள். தம்பியை மதுரையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அவள் அருப்புக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வேதியியல் படித்தாள். அவன் பாதிப் பாடத்தில் கோட்டை விட்டான், அவள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். வீட்டில் அதற்கும் ஒரே பேச்சுதான்: "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுப் பொறாம ஆகாதுத்தா."

கிடைக்காதவர் வாயைத் திறந்து கேட்டால் அதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பது நம் நாட்டில் வெகுகாலமாக நடந்து வருகிற வேலை. வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர் ரொம்ப வசதி.

ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் பொறாமைப்பட்டது ஒரு மீனைப் பார்த்து. அதை அவளாலேயே நியாயப்படுத்த முடியவில்லை.

அவள் புருஷன் சங்கருக்கு அருப்புக்கோட்டை பஜாரில் வத்தல், மல்லி, பருப்பு மொத்தக் கடை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அதிர்ந்துகூடப் பேச மாட்டான். அம்மா சுப்பம்மாள் சொல்வதைக் கேட்டால் வீடு அமைதியாக இருக்கும் என்று நம்புகிறவன். அந்த அமைதி யார் தலையில் விடிகிறது என்று மட்டும் அவன் யோசித்ததில்லை. சென்னையில் ஒரு வியாபாரி வீட்டில் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவன், தன் வீட்டுக் கூடத்திலும் ஒன்று வைத்தான். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரு முழுக்கக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருக்கிற ஊர் இது. அந்த ஊரில் சுத்திகரித்த தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி, மூட்டை உப்பைக் கரைத்து, ஒரு சின்னக் கடலையே செய்து வைத்தார்கள். தெருப் பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தத் தொட்டிக்குப் புதிதாக ஒரு மீன் தூத்துக்குடியிலிருந்து வந்தது. நீல உடம்பு, மஞ்சள் முதுகுத் துடுப்பு, கறுத்த முகம். வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள். சங்கர் அதற்கு ராசா என்று பெயர் வைத்தான். விற்ற கடைக்காரப் பையன் ஜோயல், "அண்ணே, எடுத்ததும் பெரிய தொட்டியில விட்றாதீங்க. தனித் தொட்டியில வச்சு, நோய் நொடி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் விடுங்க. இல்லன்னா இருக்கிறதுக்கும் ஒட்டிக்கிரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

தனித் தொட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். பின்கட்டு அறை என்று சுப்பம்மாள்தான் சொன்னாள்.

அது தீபலட்சுமியின் அறை. அவளுடையது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரமாகும்போது அவள் போய்க் கிடக்கிற இடம். முன்பு வத்தல் மூட்டை அடுக்கியிருந்த அறை, சுவரைத் தொட்டால் இன்னும் தும்மல் வரும். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சித்திரை வெயிலில் அதற்குள் கிடப்பது அடுப்புக்குள் கிடப்பதுதான். கல்யாணமான முதல் வருஷமே ஒரு மின்சாரக் காத்தாடி கேட்டாள்.

"மூணு நாளைக்கு எதுக்குத்தா காத்தாடி?" என்றாள் சுப்பம்மாள். "நாங்கெல்லாம் மாட்டுக் கொட்டத்துல கெடந்தோம். பனையோலை விசிறி இருக்குல்ல, வீசிக்கிட்டுக் கெட."

ராசா வந்த வாரமே அந்த அறைக்கு ஏசி வந்தது. சூடு கூடினால் மீன் தாங்காதாம். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பாயையும் தட்டையும் டம்ளரையும் மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ஓடுகிற பொந்துக்கு மாற்றினார்கள். ஏசி மாட்ட வந்தவனுக்குக் காப்பி கொண்டுபோன தீபலட்சுமி, அவன் முதன்முதலாகப் பொத்தானை அமுக்கியபோது முகத்தில் அடித்த குளிர்ச்சியில் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு தொட்டிக்குள் இருந்த மீனைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. குழாய்த் துண்டுக்குள் ஒளிந்திருந்தது.

"எளவு, ஒனக்கு வந்த வாழ்வு" என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்தாள்.

சங்கர் கடைக்குப் போனபின் மீனைக் கவனிப்பது அவள் பொறுப்பானது. தொட்டியின் அடியில் கிடக்கும் கழிவை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்ற வேண்டும், காய்ந்த கடற்பாசியைக் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். மத்தியானம் கடையிலிருந்து போன் வரும்.

"சாப்ட்டானா?"

"யாரு?"

"ராசாதான்."

"சாப்ட்டாரு. ஏப்பமும் விட்டாரு. வெத்தல கேக்காரு, மடிச்சுக் குடுக்கட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போனை வைப்பான். நீ சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றாது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, கடைப் பையனிடம் மாத்திரை கொடுத்தனுப்பியவன் அவன். மீனுக்கு முன்னால் மட்டும் சாயங்காலம் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணாடியில் விரலை வைத்து, "என்னடா, என்ன" என்று கொஞ்சுவான். அந்தக் குரலை அவள் தனக்காகக் கேட்டதே இல்லை. கதவோரம் நின்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டாள்.

சில நாளில் ராசாவின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. தூள் உப்பைத் தூவினாற்போல நீல உடம்பு முழுக்க. மீன் குழாயில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டது.

சுப்பம்மாள் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏய் சங்கரு, இது சீக்கு இல்லடா. முத்துப் போட்டுருக்கு பாரு. ஆத்தா எறங்கியிருக்கா."

"அம்மா, மீனுக்கு எங்கயாவது அம்மை வருமா?"

"மாட்டுக்கு வரலையா? கோழிக்கு வரலையா? கண்ணு முன்னாடி நிக்கிறவள இல்லங்கியா?"

அன்றைக்கே வீட்டில் தாளிப்பு நின்றது. கறி கிடையாது. வாசல் நிலையில் வேப்பிலை, தொட்டி மூடியின் மேலும் ஒரு கொத்து. தூத்துக்குடி ஜோயல் போனில் செம்பு மருந்து போடச் சொன்னான் என்று சங்கர் சொன்னதும் சுப்பம்மாள் கத்தினாள்: "அம்மைக்கு மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்கிருவா. சர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரப் பயலுக்கு நம்ம ஆத்தாளப் பத்தி என்னடா தெரியும்?"

சங்கர் அமைதியை விரும்புகிறவன் அல்லவா? மேலே வேப்பிலையும் உள்ளே மருந்தும் இருக்கட்டும் என்றான். மருந்து வேலை தீபலட்சுமியின் கைக்கு வந்தது.

ஜோயல் அவளிடம் விவரமாகச் சொன்னான். "அக்கா, மருந்து கொஞ்சம் கொறைஞ்சாப் பூச்சி சாகாது. கொஞ்சம் கூடுனா மீனு செத்துரும். தெனமும் தண்ணிய எடுத்துச் சொட்டு விட்டுக் கலரு பாருங்க. இன்னொண்ணு, புள்ளி உதுந்துருச்சுன்னா நல்லாயிருச்சுன்னு நெனச்சிராதீங்க. அந்தப் பூச்சி தரையில விழுந்து கூடு கட்டும். ஒண்ணு விழுந்தா நூறு கெளம்பி வரும். வரும்போதுதான் மருந்து அதக் கொல்லும். ஒரு மாசம் விடவே கூடாது."

குட்டிக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, நிறம் மாறுவதைப் பார்த்தபோது அவளுக்குக் கல்லூரிச் சோதனைக்கூடம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் படித்தது ஒன்று இந்த வீட்டில் முதன்முதலாகப் பயன்பட்டது. அதுவும் இந்த மீனுக்காக என்பதில் அவளுக்கு எரிச்சலும் இருந்தது, ஏதோ ஒரு சந்தோஷமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அதற்குச் சொட்டு மருந்து இல்லை.

இதற்கிடையில் சுப்பம்மாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்த ரூம்புல யாரு கெடந்தா? போன மாசம் வரைக்கும் தீட்டுக்காரி கெடந்த எடம். வெள்ளை அடிச்சாப் போயிருமா? ஆத்தாவுக்கு ஆகுமா?"

தீபலட்சுமிக்கு இது புதிதல்ல. ஊறுகாயில் பூஞ்சை பிடித்தால் அவள், முருங்கை பட்டுப்போனால் அவள். ஆனால் ஊறுகாயையும் முருங்கையையும் சங்கர் கொஞ்சியதில்லை. இந்த மீன் செத்தால், ராசாவைக் கொன்றவள் என்ற பேர் அவள் கட்டையில் போகிற வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆக, எதைக் கண்டால் வயிறு எரிகிறதோ அதையே அவள் உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று.

மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில் அவளுக்கு நாள் வந்தது. பாய் போட்டிருந்த மாடிப்படிப் பொந்துக்குப் போனாள். அவள் போன அன்றைக்குப் பார்த்து, மீன் மேலிருந்த புள்ளிகள் உதிர்ந்தன.

"பாத்தியா!" சுப்பம்மாளின் குரல் பொந்து வரைக்கும் கேட்டது. "அவ தள்ளிப் போனா, ஆத்தா மனசு எரங்கிட்டா. இதுக்கு மேலயும் ஒனக்கு ருசு வேணுமா?"

மறுநாள் காலையில் ஒரு செம்பு நிறைய மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கரைத்த தண்ணீரோடு சுப்பம்மாள் பின்கட்டுக்குப் போவதைத் தீபலட்சுமி பார்த்தாள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மீனுக்கு எப்படித் தலைக்கு ஊற்றுவது? சுப்பம்மாள் மூடியைத் திறந்து அப்படியே தொட்டிக்குள் ஊற்றினாள், குலவையும் போட்டாள். தொட்டி மஞ்சளாகக் கலங்கியது. சங்கர் பதறிப்போய், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு வேறு உப்புத் தண்ணீரை விட்டான். மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. மருந்தும் பாதியாகக் குறைந்துபோனது.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் பொந்திலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, மருந்த நிறுத்தாதீங்க. புள்ளி உதுந்தது செத்து விழல. கீழ கூடு கட்டியிருக்கும்."

"அதான் போயிருச்சே தீபா. நானும் அம்மாவும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரோம். வெள்ளியில மீன் உருவம் வாங்கிச் செலுத்தணும்னு நேந்திருக்காக. வந்து ராசாவக் கூடத்துத் தொட்டிக்கு மாத்திருவோம்."

"மாத்துனா எல்லா மீனும் போயிரும்."

"அம்மா மனசு நோக வேணாம். விடு."

சுப்பம்மாள் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். "அந்த ரூம்புப் பக்கம் எட்டிக்கூடப் பாத்துராத, ஆமா."

கார் போனதும் வீடு அடங்கிவிட்டது. தீபலட்சுமி பாயில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார்ச் சூடும் சுவர்ச் சூடும் சேர்ந்து அவளைப் புழுக்கின. போகட்டும் என்று நினைத்தாள். ஏசியோடு போகட்டும். கூடத்துக்குப் போய் அங்கே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகட்டும். நாளைக்கு அவன் அந்தக் கண்ணாடி முன்னால் குத்தவைத்து யாரைக் கொஞ்சுவான் என்று நினைக்க அவளுக்கு இனிப்பாக இருந்தது. வாயில் போட்ட கற்கண்டைப் போல அதைக் கொஞ்ச நேரம் கரைத்துக்கொண்டிருந்தாள்.

கரைந்து முடிந்ததும் தன் பேர் ஞாபகம் வந்தது. ஆத்தா இறங்கிப் போன மீன் செத்தால், அதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. பொந்தில் கிடந்தவள் எட்டிப் பார்த்திருப்பாள்.

பார்க்காமல் கெட்ட பேர் வாங்குவதைவிடப் பார்த்துவிட்டே வாங்கலாம் என்று எழுந்தாள்.

பின்கட்டு அறைக் கதவைத் திறந்ததும் குளிர்ச்சி வந்து தழுவியது. முதலில் அவள் மீனைப் பார்க்கவில்லை. ஏசிக்குக் கீழே நின்று, முந்தானையை விலக்கி, கழுத்து வேர்வை காய்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகுதான் திரும்பினாள்.

ராசா தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. வாலின் பக்கம் வேப்பிலைச் சக்கை ஒட்டியிருந்தது. இத்தனை நாள் அவள் வயிறெரிந்து பார்த்த உடம்பு இப்போது வெளுத்துப்போய், சாகக் கிடக்கிற எதையும்போல அசிங்கமாக இருந்தது.

ஜோயலுக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, மஞ்சத் தண்ணியா?" என்று கத்திவிட்டான். "நானும் எத்தனையோ பேத்துக்கு மீனு வித்துருக்கேன்க்கா. இத நான் கேட்டதே இல்ல. சரி, அண்ணன் இல்லையா?"

"அண்ணன் சாமி கும்புடப் போயிருக்காக. நீ என்ன செய்யணும்னு சொல்லு."

அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். காற்றுக் குழாயைக் கூட்டி வைத்தாள். கலங்கல் தண்ணீரை இறைத்தாள், உப்பைக் கரைத்து அளந்து ஊற்றினாள். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில் கிடந்த சக்கையை எல்லாம் அள்ளினாள். தீட்டுக்காரியின் கை தண்ணீருக்குள் அங்குமிங்கும் போய் வந்தது. தண்ணீர் தண்ணீராகவேதான் இருந்தது. குப்பியில் சொட்டு விட்டு நிறம் பார்த்தாள், மருந்தை விட்டாள், பொறுத்திருந்து மறுபடி பார்த்தாள். மீன் மேலே இருந்து மெதுவாக இறங்கிக் குழாய்த் துண்டுக்குள் நுழைந்தது.

"ஒனக்காகன்னு நெனச்சிராத" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "நீ செத்தா எனக்குத்தான் கெட்ட பேரு. ஒனக்குச் சீக்கு, தனியா வச்சோம். அதுக்கு மருந்து, ஏசி, நேத்திக்கடன். எனக்கு என்ன சீக்குடா?"

மீன் குழாய்த் துண்டுக்குள் இன்னும் உள்ளே நகர்ந்தது. இந்தக் கேள்விக்கு மனிதர்களே பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் உடனே பொந்துக்குத் திரும்பிப் போகவில்லை. வெறுந்தரையில், ஏசிக்குக் கீழே, சாயங்காலம் கார்ச் சத்தம் கேட்கிற வரைக்கும் தூங்கினாள்.

"தண்ணி தெளிஞ்சிருச்சு பாரு!" சுப்பம்மாள் தொட்டி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் அங்க காணிக்க போடுறேன், ஆத்தா இங்க கலங்கல எடுத்துட்டா."

சங்கர் ஈரத் தரையைப் பார்த்தான். மறுபடி பொந்துக்குள் போய் உட்கார்ந்திருந்த மனைவியின் முந்தானையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததையும் பார்த்தான். அவன் அமைதியை விரும்புகிறவன்.

அன்றைக்கே ஜோயல் அவனுக்குப் போன் செய்து, ஒரு மாதத்துக்குள் மீனை மாற்றினால் கூடத்துத் தொட்டி மொத்தமும் காலி என்று சொன்னான். சங்கர் உடனே சரி என்றான். காலையில் அவள் சொன்ன அதே வார்த்தைகள். ஜோயலிடம் அப்படிப் பேசச் சொன்னதே அவள்தான். இருந்தாலும் புருஷன் அவனுக்கு ஆமாம் போட்டதைக் கேட்டபோது, எங்கோ தூத்துக்குடியில் இருக்கிற அந்தப் பையன் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது.

நடுவில் ஒருமுறை நாலைந்து புள்ளிகள் மறுபடி தெரிந்தன. "ஆத்தா எட்டிப் பாத்துட்டுப் போறா" என்றாள் சுப்பம்மாள். தீபலட்சுமி மருந்தின் அளவு இறங்காமல் பார்த்துக்கொண்டாள். பிறகு புள்ளி வரவே இல்லை. மீன் பாசியை இழுத்து இழுத்துத் தின்றது.

மாதம் கழிந்து ராசாவைக் கூடத்துப் பெரிய தொட்டியில் விட்டார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே பாளையம்பட்டியிலிருந்து சுப்பம்மாளின் தங்கை சரஸ்வதி பேரன் பேத்திகளோடு வந்திருந்தாள். தெருவிலும் நாலு பேர் வந்தார்கள். நீல உடம்பு வெளிச்சத்தில் மினுங்கித் திரும்பும்போதெல்லாம் கூடத்தில் ஒரு "ஆ" எழுந்தது. தீபலட்சுமி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கினார்களே தவிர, கொடுத்த கையை யாரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் கண்ணாடியில் இருந்தது.

"சாகக் கெடந்துச்சுக்கா" என்று சுப்பம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆத்தா போட்ட பிச்ச. சுத்தபத்தமா இருந்தோம். தீட்டு அண்டாமப் பாத்துக்கிட்டோம். அதான் பொழச்சுச்சு."

"அந்த மருந்தும்தாம்மா" என்றான் சங்கர். "ஜோயல் பய கெட்டிக்காரன்."

தீபலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நீங்க இருக்கன்குடி போனீகள்ல, அன்னைக்கு அந்த மீனு சாகக் கெடந்துச்சு. நாந்தான் தொட்டிக்குள்ள கைய விட்டு, தண்ணி மாத்தி, மருந்து ஊத்துனேன். அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு."

சரஸ்வதியின் பேத்தி முந்திக்கொண்டு, "ரெண்டாம் நாளுன்னா என்ன அப்பத்தா?" என்று கேட்டாள்.

சுப்பம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னத்தா சொல்ற?" என்றாள் சுப்பம்மாள். குரல் ஏறவில்லை. ஆள்கள் இருந்தார்கள். "அம்மை போட்ட எடத்துல... பொய் சொல்ற."

"ஒங்க மகன் பாத்தாக. கேளுங்க."

சங்கர் நிமிர்ந்தான். வாயைத் திறந்து மூடினான். பிறகு, "ஆமாம்மா" என்றான். அந்த வீட்டில் அம்மாவுக்கு எதிராக மனைவி பக்கம் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப இந்தத் தண்ணி..." என்று சுப்பம்மாள் தொட்டியைக் காட்டினாள்.

"கொட்டிருவோமா?" என்றாள் தீபலட்சுமி. "இன்னைக்கு எனக்கு மொத நாளு. கொட்டணும்னா அந்தக் காப்பியையும் சேத்துக் கொட்டணும். இனிமே நான் படிக்கட்டுக்கு அடியில போயிக் கெடக்க மாட்டேன்."

தெருவிலிருந்து வந்தவர்கள் கையிலிருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தார்கள். பாதிக்கு மேல் குடித்தாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சரஸ்வதி தன் அக்காளின் முகத்தைப் பார்த்தாள், தன் டம்ளரைப் பார்த்தாள், மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"காப்பி நல்லாத்தான் போட்டிருக்கா" என்றாள்.

தொட்டிக்குள் ராசா கண்ணாடியோரம் வந்து உடம்பைச் சாய்த்து மினுங்கித் திரும்பியது. யாரும் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தீபலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.